மூணுமாச அக்கா சுமந்த பழி

மூணுமாச அக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். ஊசி போட்டு முடித்ததும் எல்லாப் பெண்களிடமும் அவள் சொல்வது ஒன்றுதான்: "மூணு மாசம் கழிச்சு வா." கடைத்தெருவில் பார்த்தாலும் பெண்கள் விடமாட்டார்கள். "அக்கா, அடுத்த வெங்காயம் எப்ப வாங்குவீங்க? மூணு மாசம் கழிச்சா?" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. பெண்களுக்குத் தெரியாமல் ஊசி போட்டு ஏமாற்றியவள் என்றுதான் இன்றும் ஊரில் பேச்சு. அவளிடம் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு இப்போது பிள்ளை பெறும் வயது தாண்டிவிட்டது. இனி உண்மையைச் சொன்னாலும் யாருக்கும் அடி விழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஏறிப்போக இரும்புப் படி. கீழே நாலு மெஷினும் சேர்ந்து ஓடினால் மேலே மேஜையில் கத்தரிக்கோல் ஆடும். வாசலில் 'தாய் சேய் நல மையம்' என்று பலகை. அதை நடத்தியது ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம். மருந்தெல்லாம் கடல் தாண்டி அட்டைப்பெட்டிகளில் வரும். நான் அங்கே ஆயாவாக இருந்தேன். பெருக்குவேன், தண்ணீர் கொதிக்க வைப்பேன், ஊசிக்கு உள்ளே போகும் பெண்களின் கைக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்வேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்சாக இருந்துவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு இங்கே வந்தாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க செத்தவங்களுக்குத் துணி போர்த்திப் போர்த்திக் கை சலிச்சுப்போச்சு" என்றாள்.

அவள் போட்டது கருத்தடை ஊசி. ஒன்று போட்டால் மூன்று மாதம் கரு தங்காது. பலருக்கு மாதவிலக்கும் நின்றுவிடும். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிவிட்டுத்தான் எடுப்பாள். கையில் போடமாட்டாள், இடுப்பில்தான் போடுவாள். கையில் சிவந்திருந்தால் வீட்டில் கேள்வி வரும். பஞ்சைக்கூட ஒட்டி அனுப்பமாட்டாள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் செவ்வாய்க்கிழமையில்தான் அந்தப் பெண்களை வரச் சொல்வாள். இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? பிள்ளைக்குப் பெயர் பண்ணி அம்மாவுக்கு ஊசி. அவர்களுடைய அட்டைகளை எங்கள் இரும்பு அலமாரியிலேயே பூட்டி வைப்போம்.

முதலில் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. பிள்ளை கடவுள் கொடுப்பது, அதைத் தடுக்க நாம் யார் என்று கேட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"நாலு பிள்ளைய அவர்தான் குடுத்தாரு. அந்த நாலுக்கும் அம்மா வேணும்னு அவருக்குத் தெரியாதா? அந்த வேலைக்கு நம்ம ரெண்டு பேரையும் வெச்சிருக்காருன்னு நெனச்சுக்கோ."

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. காலையில் அலமாரியைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டுத் திறப்பேன்.

நாலு என்று அவள் சொன்னது பொத்தான்காரியை மனதில் வைத்து. துணிக் கம்பெனியிலிருந்து சட்டைகளை மூட்டையாக வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து பொத்தான் தைப்பவள். இருபத்தாறு வயது. நாலாவது பிரசவத்தில் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஓடிய ரத்தம் நிற்கவே இல்லை. இன்னொன்று தங்கினால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது என்று டாக்டரம்மா அவள் புருஷனிடமே சொன்னார். ஆபரேஷன் செய்துவிடலாம், ஒரு கையெழுத்துப் போடு என்றார். அவன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். போட முடியாது என்றுவிட்டான். "வயித்துல தங்கிடுமோங்கற பயம் விட்டுப்போச்சுன்னா பொம்பள வீடு தங்கமாட்டா" என்றானாம். அதே கையால் அவளுக்கு ஆரஞ்சுப் பழமும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனான். அப்படி ஒரு மனுஷன்.

அவள் எங்களிடம் வர ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்தபோது, ஆபீசிலிருந்து ஒரு கணினியைக் கொடுத்தார்கள். அட்டையில் இருப்பதையெல்லாம் அதில் ஏற்ற வேண்டும். போன் நம்பர் போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பாதிப் பெண்களுக்குப் போனே இல்லை. அக்கா எல்லோருக்கும் தன்னுடைய நம்பரையே போட்டுப் பார்த்தாள். ஒரே நம்பரை இரண்டாவது தடவை அது ஏற்றுக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லச் சொன்னாள்.

பொத்தான்காரி தயங்கினாள். "அவர் நம்பருதான்க்கா இருக்கு. யாராச்சும் பேசிட்டா?"

"யாரும் பேசமாட்டாங்க. கட்டத்தை நிரப்பறதுக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். நான் இருக்கேன்ல?"

அந்த 'நான் இருக்கேன்ல' என்ற வார்த்தையை நம்பித்தான் அத்தனை பேரும் சொன்னார்கள்.

ஒரு வியாழக்கிழமை ஆபீசிலிருந்து மேற்பார்வையாளர் தம்பி வந்தார். தங்கமான பிள்ளை, படியேறி வந்தால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்றைக்கு முகம் செத்துப்போயிருந்தது. பணம் கொடுத்த நாட்டில் ஆட்சி மாறிவிட்டதாம், இந்த மாதிரி வேலைக்கு இனி ஒன்றும் கிடையாதாம். மருந்தையும் குளிர்பெட்டியையும் அன்றே எடுத்துப்போக வேண்டுமாம்.

"அப்ப அடுத்த வாரம் ஊசிக்கு வர்றவங்க?" என்றாள் அக்கா.

"யாரையும் அம்போன்னு விடலக்கா" என்றார் தம்பி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "ஆபீசுல ராத்திரியெல்லாம் உக்காந்து வேலை பாத்தோம். ஒவ்வொருத்தருக்கும் அடுத்த தேதி, வேற எங்க போகணும், எல்லாம் போட்டு மெசேஜ் அனுப்பியாச்சு. காலையில ஒன்பது மணிக்கே போயிடுச்சு."

"எந்த நம்பருக்கு?"

"நீங்க போட்ட நம்பருக்குத்தான்க்கா."

அக்கா செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

முதல் மூன்று வீடுகளில் கடவுள் காப்பாற்றினார். ஒருத்தனுக்குப் படிக்கத் தெரியாது. ஒருத்தி அதற்குள் அழித்துவிட்டாள். மூன்றாவது வீட்டில் மாமியார்க்காரி வாசலிலேயே போனை ஆட்டிக்காட்டினாள். "இதுக்குத்தான வேர்த்து விறுவிறுத்து வர்றீங்க? மூணு வருஷமா மாசாமாசம் கறையே இல்லாத துணியத் துவைச்சுக் கொடியில போடறா. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? போங்க, போங்க. என் மகன் எந்திரிக்கறதுக்குள்ள போங்க." அந்த ஓட்டத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொத்தான்காரியின் தெருவுக்குள் நுழையும்போதே கூட்டம் தெரிந்தது.

அவனுக்கும் படிக்கத் தெரியாது. லாரி ஷெட்டில் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறான். அவர் சத்தமாகவே படித்திருக்கிறார். 'அன்புள்ள சகோதரி, உங்கள் கருத்தடை ஊசிக்கான அடுத்த தேதி...' ஷெட்டே சிரித்திருக்கிறது. "உனக்கு எப்ப ஊசி, தங்கச்சி?" என்று ஒருத்தன். "இடுப்பு வலிக்கப்போவுது, மூட்டை தூக்காதடி" என்று இன்னொருத்தன். அந்தச் சிரிப்போடுதான் அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

நாங்கள் போனபோது சட்டைகள் வீடெங்கும் இறைந்து கிடந்தன. பொத்தான்கள் காலில் குத்தின. அவள் சுவரோடு சுவராக நின்றாள். அவன் கை அவள் கழுத்தில் இருந்தது. பிள்ளைகளில் பெரியவள் தம்பி தங்கைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தானும் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி, எவனுக்காகப் போட்ட? எவனுக்காக?"

"அவளுக்குத் தெரியாது" என்றாள் அக்கா.

அவன் திரும்பினான்.

"சத்து ஊசின்னு சொல்லி நான்தான் போட்டேன். என்ன ஊசின்னு அவளுக்குத் தெரியாது. எங்களுக்கு மேலிடத்துல கணக்கு காட்டணும், அதுக்காகப் போட்டேன்."

அப்படி ஒரு கணக்கு எங்களிடம் கிடையவே கிடையாது. அவன் பொத்தான்காரியைப் பார்த்தான். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா இமைக்கவில்லை. பொத்தான்காரி மெதுவாக, ஆமாம் என்று தலையாட்டினாள்.

கழுத்திலிருந்து கை இறங்கியது. அடுத்த நொடி அது அக்காவின் கன்னத்தில் விழுந்தது. தெருவே பார்த்தது. கீழே விழுந்தவளை நான் தூக்கும்போது என் காதில் சொன்னாள்: "மத்த வீட்டுக்கெல்லாம் நீ ஓடு. எல்லாரையும் இதையே சொல்லச் சொல்லு. எல்லாரும் ஒண்ணு மாதிரி சொன்னாத்தான் எடுபடும்."

ஓடினேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லாப் பெண்களும் ஏமாற்றப்பட்டவர்கள் ஆனார்கள். "எனக்கும் சத்து ஊசின்னுதான் சொன்னாங்க." "எனக்கு முதுகுவலி ஊசின்னாங்க." ஒருத்தி மாமனார் பார்க்க வேண்டும் என்று மண்ணை வாரித் தூற்றினாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடி வாங்காமல் தப்பியவர்கள்தான் அதிகம்.

விசாரணை வைத்தார்கள். உதவி நிறுவனம், நர்ஸ் செய்ததற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தது. பெண்களுக்குத் தெரியாமல்தான் அக்கா ஊசி போட்டாள் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லாதவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதனால் என் கையெழுத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். போடச் சொன்னது அக்காதான். வீட்டுக்கு வந்து விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. அக்காவின் நர்ஸ் பதிவை ரத்து செய்தார்கள். அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடச் சேர்ந்தாள்.

ஆனால் பழியை ஏற்றுக்கொண்டால் மருந்து வந்துவிடுமா? வேறு எங்கும் அந்த ஊசி கிடைக்கவில்லை. மெசேஜில் எழுதியிருந்த இடத்துக்குப் போனவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மையம் மூடிய நாலாவது மாதம் பொத்தான்காரி என்னைக் கடைத்தெருவில் பார்த்துச் சும்மா நின்றாள். முகத்தைப் பார்த்ததும் கரு தங்கிவிட்டது என்று புரிந்துவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தாள். "பெரிய ஆஸ்பத்திரில காட்டச் சொல்லு. மாசாமாசம் காட்டணும். நான் அந்தத் தெருப்பக்கம் போனா அவளுக்குத்தான் ஆபத்து." டாக்டரம்மா கலைத்துவிடலாம் என்றார். அதற்கும் புருஷன் கையெழுத்து. அவன் போடவில்லை. ஆனால் வேலைக்குப் போகும்போது, தண்ணீர் தூக்காதே என்று அவளுக்குக் குடம் நிரப்பி வைத்துவிட்டுப் போனான்.

அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, நட்டநடுப் பகலில், பெரியவள் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். பாவாடையில் ரத்தம். அவளுடையதல்ல. நான் போகிற வழியில் சலவைக் கடையில் குரல் கொடுத்தேன். அக்கா எனக்கு முன்னால் ஓடினாள்.

அவன் சாப்பாட்டுக்கு வந்தவன் அப்படியே நின்றிருந்தான். கையில் இன்னும் சோறு ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொண்டான்.

"நீயா? இன்னும் என்ன ஊசி போட வந்த?"

"என்னை அப்புறம் வெட்டிப் போடுப்பா. இப்ப வழி விடு."

"உள்ள கால வெச்ச, கொன்னுடுவேன். உன்னாலதான் இப்படி ஆச்சு. உன் மருந்துதான் அவ உடம்ப அரிச்சுது."

அக்கா சொன்ன பொய்யை அவன் முழுசாக நம்பியிருந்தான். என்னை மட்டும் உள்ளே விட்டான்.

பாயெல்லாம் ஒரே ஈரம். அவள் கண் திறந்துதான் இருந்தது. வாசலிலிருந்து அக்கா கத்தினாள்.

"இடது பக்கம் சாச்சுப் படுக்க வை! கை உள்ள விடாத! காலுக்கு அடியில மூட்டைய வை!"

மூட்டை என்றால் அந்தச் சட்டை மூட்டைதான் இருந்தது. வைத்தேன்.

"உதடு என்ன நிறம்?"

"வெள்ளக்கா."

"பேசறாளா?"

அவள் பேசினாள். "அக்கா வரலியா?" என்றாள்.

வாசலில் அக்கா அவன் காலில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குமேல் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. தெருக்காரர்கள் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வண்டி வந்தபோதுதான் அவன் நகர்ந்தான். அவனே அவளைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றினான். அக்கா ஏறும்போது தடுக்கவில்லை. வழியெல்லாம் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடு, மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி வந்தது. அவள் வரவில்லை. பிள்ளையும் இல்லை.

ஆஸ்பத்திரிப் படியில் அவன் குந்தியிருந்தான். நெடுநேரம் கழித்து அக்காவைப் பார்க்காமலே கேட்டான்.

"உன்னை உடனே உள்ள விட்டிருந்தா பொழச்சிருப்பாளா?"

அக்காவின் சேலையில் முழங்கால் வரை காய்ந்துபோன ரத்தம். அவள் அவனுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"இல்லப்பா" என்றாள். "யார் வந்திருந்தாலும் முடிஞ்சிருக்காது. எந்திரி. வீட்டுல நாலு பிள்ளைங்க பசியோட இருக்கும்."

அவன் எழுந்து போனான். அது உண்மையா, அவனுக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் அக்கா பதினோரு வருஷம் இருந்தாள். வாரத்துக்கு இரண்டு நாளாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் கேட்கவில்லை.