திருக்கையோடு ஒரு பேச்சுக்கால்

"உமக்கு வாய் திறந்து ஒண்டைக் கேக்கத் தெரியாது பிள்ளை. நீர் என்னண்டு எட்டு ஆம்பிளையளைக் கட்டி மேய்க்கப் போறீர்?"

இதைச் சொன்னவர் ஊர்காவற்றுறையில் நான் வேலை செய்த கணினி நிலையத்தின் சொந்தக்காரர். எட்டு ஆம்பிளைகள் என்று அவர் சொன்னது எட்டுக் குத்துச்சண்டைக்காரரை. அவர்களில் ஒருவருக்கும் உடம்பு கிடையாது. இணையத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. அதில் நீங்கள் சண்டை போடமாட்டீர்கள். சண்டை போடுகிறவர்களை வைத்து நடத்துவீர்கள். ஆளைப் பிடிப்பது, பழக்குவது, எத்தனை சண்டைக்கு எவ்வளவு பங்கு என்று ஒப்பந்தம் பேசுவது, இந்தச் சுற்றில் முன்னேறு, அந்தச் சுற்றில் ஒதுங்கு என்று எண்களால் எழுதிக் கொடுப்பது, எல்லாம் உங்கள் வேலை. குறித்த நேரம் வந்ததும் எங்கேயோ ஒரு கணினி கூட்டிக் கழித்து முடிவைச் சொல்லும். படம் இல்லை, சத்தம் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பக்க எழுத்து மட்டும்தான். அதை வாசித்துவிட்டு நான் கதிரையிலிருந்து துள்ளி எழும்புவேன்.

அது போர்நிறுத்தம் வந்த சமாதான காலம். அண்ணை, நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், குளிர்நாடு ஒன்றில் கனகாலம் இருந்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த கையோடு திரும்பி வந்தவர். துறைமுகத்துக்குக் கிட்ட, பூட்டிக் கிடந்த கடையொன்றின் பின்னறையில் மூன்று கணினிகளை வைத்து நிலையத்தைத் தொடங்கினார். மூன்றில் ஒன்றுக்குத்தான் இணையம், அதுவும் தொலைபேசிக் கம்பி வழியாக. வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் போட வரும் தாய்மார் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். ஒருவரும் வராத பொழுதுகளில் அண்ணை தன்னுடைய குத்துச்சண்டைக்காரரைப் பார்ப்பார். நான் பின்னால் நின்று, "அந்த ஆளை விடுங்கோ அண்ணை, அவன் மூண்டாம் சுற்றோட விழுந்திடுவான்" என்று புத்தி சொல்லுவேன். அவருக்கு எரிச்சல் வந்து எனக்கென்று ஒரு கணக்குத் திறந்து தந்தார். தரும்போது சொன்னதுதான் மேலே உள்ளது.

எங்கள் குடும்பத்தில் உயர்தர வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். இதை நான் இங்கே எழுதாவிட்டாலும் பரவாயில்லை. என்னைச் சந்தித்து அரை மணித்தியாலம் கதைத்த எவருக்கும் அது எப்படியோ தெரிந்துவிடும். ஐயா கடலுக்குப் போகிறவர். அம்மாவுக்குத் தன்னுடைய பெயரை எழுதத் தெரியும், அதற்குமேல் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் கையில்தான் வரும். வாசிக்கும் முன்பு தொண்டையைச் செருமிக்கொள்வேன். அப்படிப்பட்ட ஒருத்தியைப் பார்த்து இந்த மனிசன் கேட்கத் தெரியாது என்கிறாரே! தெரியாதென்றில்லை. கேட்பது எனக்கு மரியாதைக் குறைவு.

அண்ணை அந்த வார்த்தையைச் சும்மா சொல்லவில்லை. அவருடைய மனைவி பிள்ளைகள் வெளிநாட்டிலேயே நின்றுவிட்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அவரும் திரும்பிப் போவதாக இருந்தது. நிலையத்தை ஒருவரிடம் பொறுப்புக் கொடுக்க வேண்டும். வேலணையிலிருந்து ஒரு பொடியன் அடிக்கடி வந்து போனான். யாழ்ப்பாணத்தில் கணினிப் படிப்பு முடித்தவன், சிரித்த முகம். மற்றது நான். அந்த நிலையம் எனக்கு வேண்டும். மாதச் சம்பளத்துக்கு இல்லை, பொறுப்பாக. கதவைப் பூட்டும் திறப்பு என்னிடம் இருக்க வேண்டும், கணினி வகுப்பு நான் எடுக்க வேண்டும், வெளியே பலகையில் என்ன எழுதுவது என்று நான் சொல்ல வேண்டும். இதை நினைத்துக்கொண்டே பாயில் படுப்பேன், நினைத்துக்கொண்டே எழும்புவேன். ஆனால் அண்ணையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னுடைய திறமையைப் பார்த்து அவராகவே வந்து கேட்பார் என்று இருந்தேன்.

சரி, என்னுடைய எட்டுப் பேருக்கு வருகிறேன். எல்லாருக்கும் மீன் பெயர் வைத்தேன். கிளாத்தி, ஓரா, சுறா, பாரை என்று போனது. இருப்பதிலே மெலிந்தவனுக்குச் சூடை என்று வைத்தேன், அவனும் சூடை மாதிரியே கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போனான். ஒரு சண்டை வென்றதாக எனக்கு ஞாபகமில்லை. திருக்கை மட்டும் வேறு இனம். முதல் நாலு சுற்றும் பதுங்கிக் கிடப்பான். எதிராளி களைத்துப்போய்க் கையை இறக்கும்போது ஒன்று விடுவான், அதோடு முடிந்தது. இந்தத் தந்திரத்தை எழுதிக் கொடுத்தது நான். ஆகவே ஒவ்வொரு வெற்றியும் எனக்கே அடிக்கப்பட்ட மணி என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இதனால் ஒரு கலவரமும் நடந்தது. ஒருநாள் குசினி வாசலில் நின்று, "அம்மா, இண்டைக்கு என்ர ஆளுக்குச் சண்டை. நேரத்தோட போகவேணும்" என்றேன்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தா. "ஆரடி உன்ர ஆள்?"

"திருக்கை."

"பட்டப்பேரோ? எந்த ஊர்ப் பெடியன்?"

"ஊர் இல்லையம்மா. கொம்பியூட்டருக்குள்ள."

"ஊர் இல்லாதவனோ! கேட்டியளே, உங்கட படிச்ச மகள் சொல்லுற கதையை! ஊரில்லாத சண்டியன் ஒருத்தனாம்!"

ஐயா வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அவனுக்கு வள்ளம் இருக்கோ எண்டு கேள்" என்றார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். அம்மா அந்தக் கிழமை முழுக்க என்னோடு நிலைய வாசல் வரைக்கும் நடந்து வந்தா.

திருக்கை தன்னுடைய நிறைப் பிரிவில் பட்டச் சண்டைக்குக் கிட்ட வந்துவிட்டான். இன்னும் இரண்டு வென்றால் போதும். அந்த நேரம் பார்த்து அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. விளையாட்டு எனக்கு ஒரு தகவல் அனுப்பியது: உங்கள் வீரர் புதிய ஒப்பந்தத்துக்கு ஆயத்தமாக இருக்கிறார், பங்கைக் கூட்டித் தர எதிர்பார்க்கிறார், உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

காத்திருக்கிறாரா? காத்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

இங்கே நான் அக்காவின் பேச்சுக்காலைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சைப் பேச்சுக்கால் என்போம். நாரந்தனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சீதனமாக வீட்டோடு வள்ளத்துக்கு எஞ்சினும் வேண்டும் என்றார்கள். அம்மா தேத்தண்ணி கொடுத்து, "யோசிச்சுச் சொல்லுறம்" என்றா. பிறகு சொல்லவேயில்லை. கோயிலில் மாப்பிள்ளையின் தாயைக் கண்டால் மழையைப் பற்றிக் கதைப்பா, நண்டு விலையைப் பற்றிக் கதைப்பா, மகளைப் பற்றி மூச்சும் விடமாட்டா. அவர்கள் இரண்டாம் தரம் வந்தார்கள். அதே தேத்தண்ணி, அதே பதில். மூன்றாம் தரம் வந்தபோது எஞ்சின் கதையே இல்லை. தேத்தண்ணித் தட்டை ஏந்திக்கொண்டு மூன்று தரமும் பக்கத்தில் நின்றவள் நான். முதலில் வாயைத் திறக்கிறவர் இறங்கினவர், பேசாமல் இருக்கிறவர் உயர்ந்தவர் என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன். உயர்தரத்தில் படித்த எதையும் இவ்வளவு ஆழமாகப் படிக்கவில்லை.

ஆகவே திருக்கைக்குப் பதில் போடவில்லை. ஒவ்வொரு நாளும் உள்ளே போய் அவன் எப்படி இருக்கிறான் என்று பார்ப்பேன். காத்திருக்கிறார் என்றே இருக்கும். எனக்குத் திருப்தியாக இருக்கும். இரண்டாம் தகவல் வந்தது: வீரர் பொறுமை இழந்து வருகிறார். பார்த்தாயா, இரண்டாம் தரம் வந்துவிட்டான் என்று சந்தோசப்பட்டேன். இனி மூன்றாம் தரம் பங்கைக் குறைத்துக்கொண்டு வருவான்.

மூன்றாவதாக வந்த தகவல் ஒரே ஒரு வரி. அவன் வேறொரு முகாமையாளரோடு ஒப்பந்தம் செய்துவிட்டான்.

நான் திரையைப் பார்த்தபடி இருந்த இருப்பில் அண்ணைக்குப் பயம் பிடித்திருக்க வேண்டும். "என்ன பிள்ளை, வீட்டில ஏதும் துக்கமோ?" என்று ஓடி வந்தார். வாசித்தார். முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். ஏலவில்லை.

"நீர் என்ன கேட்டனீர் அவனிட்டை?"

"ஒண்டும் கேக்கேல்லை. அவன் திருப்பி வருவான் எண்டு..."

"ஆர், திருக்கையோ? அவன் வெறும் கணக்கு, பிள்ளை. அவனுக்கு வெக்கமும் இல்லை, ரோசமும் இல்லை, கோயிலடியில நிண்டு நண்டு விலை கதைக்கிறதுக்கு ஒரு தாயும் இல்லை!"

பேச்சுக்கால் கதையை அவருக்கு முன்பே சொல்லித் தொலைத்திருந்தேன்.

அடுத்த நாள் திருக்கையை எடுத்த ஆளிடமிருந்து மரியாதையான கடிதம் ஒன்று வந்தது. எந்த நாட்டவர், ஆணா பெண்ணா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இந்த அழகான பெயருக்கு என்ன கருத்து என்று கேட்டிருந்தார். அகராதியை விரித்து வைத்து, அது கடலடியில் கிடக்கும் தட்டையான மீன், வாலில் முள் இருக்கும், மிதித்தால் தெரியும் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் யாருடைய உதவியுமில்லாமல் நான் எழுதிய முதல் ஆங்கிலக் கடிதம், என்னை விட்டுப் போனவனின் பெருமையை விளக்குவதற்காக எழுதியது. சில கிழமைகளில் திருக்கை பட்டம் வென்றான், ஆறாம் சுற்றில், நான் சொல்லிக்கொடுத்த அதே பதுங்கலோடு. நான் சூடையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

இவ்வளவும் நடந்த பிறகாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. வெளிநாட்டுக் கணினிக்கு எங்கள் முறை தெரியாது, அதுதான் பிழை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அண்ணைக்கு முறை தெரியும், அவர் வந்து கேட்பார். நிலையக் கதவை வழமையைவிட நேரத்தோடு திறந்தேன். கணினிகளைத் துடைத்துத் துடைத்து ஒன்றின் விசைப்பலகையில் எழுத்துகள் அழிந்தன.

பிறகொரு நாள் அண்ணை சும்மா சாட்டுக்குச் சொல்லுமாப்போல், "வேலணைப் பெடியன் வந்து கேட்டவன், நிலையத்தைத் தன்னட்டைத் தரச் சொல்லி. ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்லுறன் எண்டனான்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான், "ஓம், அவர் நல்ல பெடியன்" என்றேன். இதைச் சொன்ன வாயை என்ன செய்யலாம்?

அன்றைக்குப் பின்னேரம் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தா. இரண்டு பேருமாகக் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தோம். நான் நிலையக் கதையைச் சொல்லி, "நான் ஏன் கேக்கவேணும்? உன்ர பேச்சுக்காலில அம்மா ஒரு சொல்லுச் சொன்னவாவே? அவையள் தானே மூண்டுதரம் வந்தவை" என்றேன்.

அக்கா கத்தியை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. பிள்ளையும் காரணம் தெரியாமல் சிரித்தது.

"அவையள் சும்மா வந்தவையோ? எடி விசரி, நானெல்லோ கோயில் பெருநாள் சனத்துக்குள்ள அவரைக் கண்டு சொன்னனான். எஞ்சினை விட்டிட்டு வந்து கேளுங்கோ, அம்மா ஓமெண்டுவா எண்டு. முதல்தரம் வந்து போன பிறகு, திருப்பி வாங்கோ எண்டு சொன்னதும் நான்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தா இப்பவும் நீ தேத்தண்ணித் தட்டோடதான் நிண்டிருப்பாய்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாமலோ? என்னைப் பெருநாளுக்கு வெளிக்கிடுத்தி விட்டது ஆரெண்டு நினைக்கிறாய்?"

நான் கையிலிருந்த மீனின் செதிலைச் சுரண்டத் தொடங்கினேன். தட்டோடு பக்கத்தில் நின்றும், எங்கள் வீட்டிலேயே நடந்த பேச்சில் பாதியை நான் கேட்கவேயில்லை. இதில் அண்ணை வந்து கேட்பார் என்று வேறு இருந்தேன். அவரிடம் எனக்காகப் போய்ச் சொல்ல எவரும் இல்லை. நானேதான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு விடவில்லை. அடுத்த நாள் காலை அண்ணை வந்து கதிரையில் இருக்க முதலே சொல்லிவிட்டேன். முதல் நாள் வெட்டிய மீன் மணம் கையில் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, நிலையத்தை என்னட்டைத் தாங்கோ. எனக்கு வேணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்தப் பெடியனுக்கு என்ன சொல்ல?"

"அவருக்கு நான் வேலை குடுப்பன். வகுப்பில பாதியை அவர் எடுக்கட்டும். பொறுப்பு எனக்கு. திறப்பு எனக்கு. வாற லாபத்தில எனக்கு மூண்டில ஒரு பங்கு."

"மூண்டில ஒண்டோ!"

"கால்வாசி எண்டாலும் ஓம். ஆனால் திறப்பு எனக்கு."

ஒரே மூச்சில் கேட்டதையும் குறைத்ததையும் நினைத்தால் இப்போதும் வெட்கம். திருக்கையின் முகாமையாளர் கண்டிருந்தால் தலையில் அடித்திருப்பார். அண்ணை, "யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்றார்.

யோசிக்கட்டும். ஆனால் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கவில்லை. மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரம்பொனுக்குப் போனேன். அங்கே ஒரு பாடசாலையின் அதிபரைக் கண்டு, உயர்தரப் பிள்ளைகளைக் கணினி வகுப்புக்கு அனுப்புங்கோ, பாடசாலை விட்ட பிறகு, கிழமையில் இரண்டு நாள் என்று கேட்டேன். அவ கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வகுப்பை ஆர் பொறுப்பெடுத்து நடத்துறது?" என்றா.

"நான்தான், மிஸ்."

புதன்கிழமை பன்னிரண்டு பேரை அனுப்புவதாகச் சொன்னா. திரும்பி வரும் வழியில் கடையொன்றில் நிறுத்தி, இன்னும் ஒன்பது கதிரை வாடகைக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.