பத்து ஆல்பங்களும் மூன்று காதுகளும்

இந்த வருடம் பட்டியல் வேண்டாம் என்று என் நண்பன் போனில் சொன்னபோது நான் கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "நீயே போட்டுக்கடா. எனக்கு இனிமே சரியா வராது லா," என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது, ஏனென்றால் இசை விஷயத்தில் கோபமில்லாமல் அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை எழுந்தபோது அவனுடைய வலது காது அடைத்துக் கிடந்திருக்கிறது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. டாக்டரிடம் போனபோது, உள்ளே நரம்பு செத்துவிட்டது, இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு இது ஒரு காது. எங்களுக்கு இது பாதி உலகம்.

பட்டியல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டிசம்பர் கடைசி ஞாயிறும் நாங்கள் இருவரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அந்த வருடம் வந்த இண்டி ராக் ஆல்பங்களில் சிறந்த பத்தை வரிசைப்படுத்துவோம். பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத, படுக்கையறையிலும் கார் கொட்டகையிலும் உட்கார்ந்து பதிவு செய்கிற பையன்கள், பெண்களின் ஆல்பங்கள். ஆளுக்கொரு பட்டியல் கிடையாது. இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். இருவரும் ஒப்புக்கொண்டால்தான் ஓர் இடம் நிரம்பும். ஆறாம் இடத்துக்காக மதியச் சாப்பாட்டில் தொடங்கி மாலைத் தேநீர் வரை சண்டை போட்ட வருடம் உண்டு. கடைக்கார அண்ணன் நாங்கள் ஏதோ சொத்துப் பிரிக்கிறோம் என்று நினைத்திருந்தார்.

இது தொடங்கியது கொமுட்டர் ரயிலில். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு இருவரும் காலேஜ் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் வீடுகளில் சினிமாப் பாட்டுதான் ஓடும். நான் கேட்கிற பாட்டைக் கேட்டு என் அப்பா ஒருமுறை, "யாருடா இவன், பல்லு வலியில கத்துறான்?" என்று கேட்டார். ஆகவே ரயில்தான் எங்கள் இசை அறை. எங்களிடம் இருந்தது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய ஒரே ஒரு சின்ன பிளேயர், ஒரே ஒரு இயர்போன். அவன் ஜன்னலோரம் உட்காருவான், இடது பக்கக் குமிழ் அவனுக்கு. வலது எனக்கு. கிள்ளானில் ஏறியதும் ஆல்பத்தைப் போட்டால் ஒரு பாட்டைக்கூடத் தாண்டக் கூடாது. சென்ட்ரலில் இறங்குவதற்குள் முழுதாகக் கேட்டு முடிக்க வேண்டும். ரயில் பத்து தீகா ஸ்டேஷனில் நின்றுபோய் ஏர்கான் செத்தாலும் பாட்டு நிற்காது. வியர்க்க வியர்க்கக் கேட்போம்.

முதல் வருடமே பெரிய சண்டை. ஒரு குளிர் தேசத்து ஆல்பத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். அந்த கிட்டார் ஒன்றுக்காகவே தரலாம் என்றான். எந்த கிட்டார் என்று கேட்டேன். எனக்குக் கேட்டதெல்லாம் ஒருவன் விடாமல் கஞ்சிரா மாதிரி எதையோ தட்டிக்கொண்டிருந்ததுதான். "ஒனக்கு காது இருக்கா இல்லையா?" என்று அவன் கத்த, பெட்டியில் இருந்த மலாய் மக்சிக் அம்மா ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இயர்போனைப் பங்கு போட்டுக்கொண்டே பேசாமல் இருந்தோம்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. பிளேயர் அவன் வீட்டில் இருந்தது. அன்று மத்தியானம் போன் செய்தான். "டேய், நான் ரெண்டு காதுலயும் மாட்டிக் கேட்டேன்டா. அந்த கிட்டார் லெப்ட்ல மட்டும்தான் இருக்கு. நீ சொன்ன தட்டல் ரைட்ல இருக்கு. இவ்ளோ நாளா நாம பாதிப் பாதி பாட்டுதான் கேட்டிருக்கோம்!" காய்ச்சலோடு விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வருடத்துப் பட்டியலையே கலைத்துவிட்டு எல்லா ஆல்பத்தையும் முதலிலிருந்து கேட்டோம். போகும்போது அவனுக்கு இடது, வரும்போது எனக்கு இடது. அந்த மாதங்களில் கேட்டதுபோல அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கேட்டதில்லை. இப்போது என்னிடம் நல்ல ஹெட்போன் இருக்கிறது. அதில் எல்லாம் துல்லியமாகத்தான் கேட்கிறது, ஆனால் பக்கத்தில் தோள் இடிக்க யாரும் இல்லை.

இந்தக் கதையைத்தான் அந்தப் போனுக்குப் பிறகு அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்போதும் பாதிதானே கேட்டோம், அதை வைத்துத்தானே பட்டியல் போட்டோம் என்றேன். "அது வேற லா. அப்போ மாத்திக்கலாம்," என்றான். போனில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி ஒரே காதில் தருகிற வசதி இருக்கிறதே என்றேன். அதையும் போட்டுப் பார்த்துவிட்டான். "எல்லாம் ஒரே மூலையில குவிஞ்சு கெடக்குடா. வீடு மாத்துறப்ப சாமான லோரியில ஏத்துவாங்களே, அந்த மாதிரி."

கெஞ்சிக் கூத்தாடி டிசம்பர் கடைசி ஞாயிறு அவனைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வரவழைத்தேன். என் வலது பக்கம் உட்கார்ந்தான், இடது காது என் பக்கம் இருக்கும்படி. இலை போட்டார்கள். பத்தாம் இடத்துக்கு ஈப்போ பையன்கள் மலாயில் பாடிய ஆல்பத்தைச் சொன்னேன். "சரி, போடு." ஒன்பதாவதாக மூன்று சகோதரிகள் சேர்ந்து செய்த ஒன்று. "போடு." எட்டு, ஏழு, ஆறு, எல்லாவற்றுக்கும் ரசத்தைக் குடித்துக்கொண்டே தலையாட்டினான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் தன் காதை அவன் நம்பவில்லை, என் காதுக்கே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டான். இப்படி ஒரு பட்டியல் எனக்கு எதற்கு என்று அழுகை வந்தது.

இரண்டாம் இடம் வரை இப்படியே போனது. முதலிடத்துக்கு வந்தபோது, ஒரு காலத்தில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு குழுவின் புது ஆல்பத்தைச் சொன்னேன். ஷாப்பிங் மால் லிப்டில் போடுகிற மாதிரி வழவழவென்று இருக்கும். அவர்கள் கெட்டுப்போனதைச் சொந்தத் தங்கை ஓடிப்போனதுபோல வருடக்கணக்கில் புலம்பியவன் அவன். கைகழுவப் போக எழுந்தவன் அப்படியே நின்றான்.

"எது?"

இன்னொரு முறை சொன்னேன். இந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆல்பம் அதுதான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்ப உட்கார்ந்தான். எச்சில் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "டேய், எனக்கு ஒரு காதுதான் போச்சு. புத்தி போகல. அதுல டிரம்ஸ் அடிக்கிறானா, இல்ல மெத்தைய தட்டுறானா? அந்த மூணாவது பாட்டுல ஒரு கிட்டார் வருதே, அது கிட்டாரா? ஒரு காதுலயே தாங்க முடியல, ரெண்டு காதையும் வச்சுக்கிட்டு நீ எப்படிடா கேட்ட?" கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கடைக்கார அண்ணன் இரண்டு தே தாரேக் தேநீரைத் தானாகவே கொண்டுவந்து வைத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மிளகாய்க் காரம் என்று அவன் நினைத்திருப்பான். அவன் அதோடு விடவில்லை. ஒப்புக்கொண்ட மற்ற ஒன்பதையும் திரும்ப இழுத்துப்போட்டு, மூன்றை வெளியே தள்ளி, ஈப்போ பையன்களை நான்காம் இடத்துக்கு ஏற்றினான். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னான், எல்லாம் நியாயமான காரணம்.

இப்போது ஜனவரி பாதி கடந்துவிட்டது. ஒன்பது இடங்கள் நிரம்பியாயிற்று, முதலிடம் காலியாகவே கிடக்கிறது. தினமும் வேலை முடிந்து குரல் செய்தி அனுப்புகிறான், திட்டுகிறான், இன்ன பாட்டில் இன்ன இடத்தைக் கேள் என்கிறான். நானும் விடாமல் பதில் கொடுக்கிறேன். அந்த ஆல்பம் எனக்கும் பிடிக்காது என்பதை மட்டும் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.