உப்பைக் குறைத்த வேட்பாளர்

நடந்தவை, வரிசையாக:

1. மரக்காணம் சந்தைத் திடலில் பேசிக்கொண்டிருந்தபோது பெரியப்பாவுக்குத் தலை சுற்றியது. மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்மூடி நின்றுவிட்டார். கூட்டம் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்துக் கைதட்டியது.

2. பாண்டிச்சேரி மருத்துவர் இரத்த அழுத்தம் என்றார். உப்பை நிறுத்துங்கள், உடம்பை இறக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை பிடித்துக்கொள்ள மைக் போதாது என்றார்.

3. பெரியப்பா இரண்டையும் செய்தார். ஓர் அரசியல்வாதி ஒப்புக்கொண்டதை அப்படியே செய்தது எங்கள் வட்டாரத்தில் அதுதான் முதல்முறை. அதற்கு யாரும் தயாராக இல்லை.

4. நான்கு மாதத்தில் அவருடைய ஜிப்பாவுக்குள் இன்னொரு வேட்பாளரையும் நிறுத்தலாம் என்று ஆனது.

5. அவர் சாகப்போகிறார் என்று ஊர் முடிவு செய்தது.

6. கட்சி அவரைத் தராசில் ஏற்றியது.

இதெல்லாம் போன தேர்தல் சமயத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில். பெரியப்பா அப்போது யூனியன் சேர்மன். அந்தச் சட்டமன்றத் தேர்தலுக்குக் கட்சி அவரைத்தான் நிறுத்தியிருந்தது. நான் வேதியியல் பட்டம் வாங்கிக்கொண்டு, அவர் வீட்டில் தங்கி, உப்பளத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். குவியல் குவியலாக உப்பை எடுத்து, ஈரம் எவ்வளவு, சுத்தம் எவ்வளவு என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. "உப்பப் படிச்சவ நீதான, அவரு தட்டுல ஏறாம நீயே பாத்துக்கோ" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். ஆக, பகலெல்லாம் உப்பு நல்லது என்று சான்று கொடுத்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து அதே உப்பைத் துரத்தினேன்.

பெரியப்பாவின் தொந்தி அவருடைய சொந்தச் சொத்து என்று நான் நினைத்திருந்தேன். அது பொதுச்சொத்து என்பது அது குறைந்த பிறகுதான் தெரிந்தது. சுவரொட்டி, தட்டி, கடைத்தெருவில் நின்ற கட்அவுட் எல்லாமே பழைய உடம்பில் இருந்தன. புதிய உடம்பு அவற்றின் கீழே போய் நின்றால், அப்பாவைத் தேடி வந்த பிள்ளை மாதிரி இருந்தது. காசநோய் என்றார்கள். புற்றுநோய் என்றார்கள். பெரியம்மா சோறு போடுவதில்லை என்றும் சொன்னார்கள். பங்குச் சாமியார் பூசையில் அவருக்காக வேண்டிக்கொண்டார். கட்சிக்காரர்கள் சிலர் இரும்பை ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சிவனுக்கு அர்ச்சனை செய்தார்கள். குணமாகிக்கொண்டிருந்த ஒரு மனிதர் குணமாக வேண்டும் என்று இரண்டு மதத்துக் கடவுள்களையும் ஒரே வாரத்தில் தொந்தரவு செய்தார்கள்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. எக்கியார்குப்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா ஊறுகாயையும் அப்பளத்தையும் இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் கிளியனூர்க் கூட்டத்தில் மைக் முழங்கியது. உப்பளத்து மக்களின் உப்பை ஒதுக்கித் தள்ளிய சேர்மனே, பதில் சொல்! மூன்றாம் நாள் சுவர்களில் எழுதிவிட்டார்கள்: "ஓட்டு வேணும், உப்பு வேணாமா?"

நல்ல வாசகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கட்சியில் இப்படி எழுத ஆளில்லை.

அன்று மாலையே எங்கள் கட்சியின் ஒன்றியச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல உருண்டையான மனிதர். உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. அதைக் கட்சியின் செல்வாக்காக அவர் எடுத்துக்கொள்வார்.

"சேர்மன், தலைவருன்னா ஜனங்களுக்குக் கண்ணு நெறையணும். நீங்க இப்படிக் குச்சியாட்டம் போய் நின்னா எவன் ஓட்டுப் போடுவான்?"

"கண்ணு நெறைய ஓட்டு வாங்கிட்டு இவரு கண்ண மூடிட்டா?" என்றார் பெரியம்மா.

"அய்யய்யோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா. அனுதாப ஓட்டு அடுத்த தேர்தலுக்குத்தான் ஒதவும்."

அவருடைய திட்டம் இது. உப்பளத்திலேயே பொதுக்கூட்டம். சேர்மனுக்கு எடைக்கு எடை உப்பு கொடுத்துக் கட்சி மரியாதை செய்யும். தராசில் இருந்து இறங்கியதும், உப்பளத்துப் பெண் ஒருத்தி கையால் ஒரு சொம்பு கூழ், உப்புப் போட்டு, கருவாட்டோடு. மைக் முன்னால் குடிக்க வேண்டும். பிறகு ஓட்டு நாள் வரை போகிற குப்பமெல்லாம் ஒரு சொம்பு.

முந்தின வாரம்தான் மருத்துவர் அழுத்தம் முழுதாக இறங்கவில்லை என்று சொல்லியிருந்தார். பழையபடி உப்புத் தின்றால் பக்கவாதம் வரும், அல்லது அதுகூட வராமல் நேரே முடிந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கு உயிரும் வேண்டும், சட்டசபையும் வேண்டும். இரண்டில் எது அவசரம் என்று யோசித்தார். பிறகு செயலாளரிடம், "சரி, ஏற்பாடு பண்ணுங்க" என்றார். பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

எடை போடப் புதிதாக வாரிய ஈர உப்பாகக் கொண்டுவரச் சொன்னார் செயலாளர். கனமாக இருக்குமாம்.

"அண்ணே, கனமான உப்புன்னா மூட்டை கம்மியாத்தான் ஏறும். காஞ்ச உப்புன்னா ஒரு மூட்டையாச்சும் கூடத் தெரியும்" என்றேன்.

"பாப்பா, கனமான தலைவருக்குக் கனமான உப்பு. இது கெமிஸ்ட்ரி இல்ல, அரசியல்."

சரி என்று விட்டுவிட்டேன். எனக்கு அதைவிடப் பெரிய கவலை கூழ். கூட்டத்துக்கு முந்தின நாள் உப்புப் பாத்தி வேலை முடிந்து பெண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போய், சுற்றி வளைக்காமல் கேட்டேன். உப்புப் போடாத கூழ் கொடுக்க முடியுமா? உங்கள் உப்பை ஒதுக்கினார் என்று கோபமாக இருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும்...

கூழ் கொடுக்கப் பேர் கொடுத்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "கோவமா? எங்களுக்கா? யாரு சொன்னது?"

"மைக்ல சொன்னாங்களே."

"அது மைக்குக்கு வந்த கோவம் பாப்பா."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "அவரு தின்னா என்னா, தின்னாட்டி என்னா? டாக்டருக்குத் துட்டு குடுத்து ஒடம்ப எறக்குறாராம். எங்களுக்கு அது சும்மாவே எறங்குது."

"கோவம் இருக்குது, இல்லன்னு சொல்லல" என்றார் அக்கா. "குடிக்கத் தண்ணி இல்ல. கொடத்த எடுத்துக்கிட்டு ரோட்டாண்ட வரைக்கும் நடக்குறோம். அத எந்தக் கட்சிக்காரனாச்சும் செவுத்துல எழுதுனானா?"

வீட்டில் எங்களுக்குக் கிணறு இருந்தது.

"சரி போ. உப்பில்லாமத் தர்றோம். மத்த குப்பத்துலயும் சொல்லி வெக்கிறோம், எல்லாம் நம்ம சனந்தான். குடிச்சிட்டு மூஞ்சச் சுளிக்காம இருக்கச் சொல்லு."

அதைப் பெரியப்பாவிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அன்று இரவு அவர் பிரசாரத்தை விட்டு வீட்டுக்கே வரவில்லை, கூட்டத்தன்று காலையில் இருந்தே அவரைச் சுற்றி ஆட்கள். தொளதொளத்த ஜிப்பாவுக்குள் இரண்டு துண்டுகளை மடித்து வயிற்றில் கட்டிவிட்டிருந்தார்கள்.

கூட்டம் பிரமாதம். கம்பங்களை முக்காலியாகக் கட்டிப் பெரிய தராசு தொங்கியது. சின்னச் சின்ன உப்பு மூட்டைகளுக்கெல்லாம் மாலை. பெரியப்பா ஒரு தட்டில் ஏறிச் சம்மணம் போட்டார். மறு தட்டில் ஈர உப்பு ஏறியது. செயலாளர் எண்ணி முடிப்பதற்குள் பெரியப்பா தரையை விட்டு எழும்பிவிட்டார். மாலை போட்ட மூட்டைகளில் பாதிக்கு மேல் தராசைப் பார்க்காமலே திரும்பின.

"ஏம்பா, இவ்ளோதானா சேர்மன்?" என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். செயலாளர் பெரியப்பாவின் தட்டைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு, உண்மைக்கு எடை கிடையாது என்பதுபோல் ஏதோ மைக்கில் முழங்கிவிட்டு, கூழைக் கொண்டுவரச் சொன்னார்.

அக்கா சொம்போடு மேடை ஏறினார். பெரியப்பா வாங்கினார். இந்தச் சொம்பில் இருப்பது மருத்துவர் சொன்ன பக்கவாதம்தான் என்று அவர் நம்பினார். நம்பியும் குடிக்கத் தீர்மானித்திருந்தார். அண்ணாந்து ஒரு வாய் விழுங்கினார். நின்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அக்கா மைக்கை ஒட்டி வந்து கேட்டார்: "உப்புப் போதுமாங்க?"

பெரியப்பா அரசியலில் சும்மா இருபது வருடம் இருக்கவில்லை. "கரெக்டா இருக்குதும்மா! இந்த மண்ணு உப்பாச்சே!" என்றார். முன்வரிசையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மேடையில் இருந்தவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடங்கியதும் அக்கா, மைக்கை விடாமல், "அப்பத் தண்ணி?" என்றார்.

"என்னாம்மா?"

"கூழுல உப்பு சரியா இருக்குதுன்னு சொல்லிட்டீங்க. குடிதண்ணிக்கு எப்பங்க கொழா போடுவீங்க? இதுலயே சொல்லிடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

பெரியப்பா சொம்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மீதி எத்தனை குப்பத்தில் எத்தனை சொம்பு பாக்கி என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சேர்மன் பதவி முடியறதுக்குள்ள கொழா வந்துடும்மா" என்றார். தேர்தல் வாக்குறுதிகள் அவர் நிறையக் கொடுத்திருக்கிறார். பயந்து கொடுத்ததாக எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஓட்டு நாள் வரை குப்பம் குப்பமாக உப்பில்லாத கூழைக் குடித்து, ஏப்பம் விட்டு, உப்பைப் புகழ்ந்தார். கருவாட்டைக் கடித்ததாகப் பேர் பண்ணித் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். வீட்டு நாய் மட்டும் அந்த மாதம் நன்றாகப் பெருத்தது. எதிர்க்கட்சி தன் உப்பு வாசகத்தைச் சுவர்களில் வெள்ளையடித்து அழித்தது.

தேர்தலில் பெரியப்பா தோற்றார். மக்களுக்குக் கண் நிறையவில்லை, தான் அப்போதே சொன்னேன் என்றார் செயலாளர். ஜெயித்தவர் பெரியப்பாவைவிட ஒல்லி. அதை யாரும் பேசவில்லை.

இப்போது நிலவரம் இது: உப்பளத்துப் பக்கம் குழாய் வந்துவிட்டது, காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது. கட்சி அடுத்த தேர்தலுக்குச் செயலாளரை நிறுத்தப்போகிறது. பெரியப்பாவுக்கு அழுத்தம் இறங்கியிருக்கிறது, எடை ஏறவில்லை, பதவி இல்லை. உயிரோடு இருக்கிறார்.