தொப்பிக்குள் மொட்டைத் தலை

அம்மாவின் ஒரே தம்பி ஒரு கவ்பாய் இசைக்குழுவில் இருந்தார் என்று சொன்னால், இன்றைக்கும் எங்கள் ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடுகளில் ஹவாயன் கிற்றார் வாசித்தவர் மாமா. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டொன்றை நரம்புகளின் மேல் இழுத்து வாசிக்கிற கிற்றார் அது. அகதியாகச் சுவிஸுக்கு வந்து பாடன் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, முதலாளியின் நண்பர்களுடைய குழுவுக்கு அதே வாத்தியத்துக்கு ஆள் தேவைப்பட்டது. வெஸ்டர்ன் சுவிங் என்று அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர் ஆடுகிற இசை. மாமா ஒரே மாதத்தில் பிடித்துவிட்டார். பிறகு ஊர் ஊராகக் கச்சேரி, ஓர் இசைத்தட்டு, உள்ளூர்ப் பேப்பரில் படம். அம்மா மட்டும் அதை "விசர் வேலை" என்பார்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மப்பா ஊரில் இறந்துபோனார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் மாமாதான். ஆனால் அகதி அட்டையோடு இலங்கைக்குப் போனால் திரும்பி வர முடியாது. சொந்தக்காரப் பெடியன் ஒருவன் கொள்ளி வைப்பதென்று முடிவானது.

செத்தவீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே அது காலை நேரம். டிவியில் நேரடியாகப் பார்க்க வீடு நிறையச் சனம். மாமா குளியலறையிலிருந்து தலையை மொட்டையடித்துக்கொண்டு வெளியே வந்தார். மகன் செய்ய வேண்டியதில் அதையாவது செய்திருந்தார். பெண்கள் விம்மினார்கள். அவர் சப்பாத்தைப் போட்டார்.

"எங்கையடா போறாய்?" என்றார் அம்மா.

"வேலைக்கு அக்கா. முதலாளி லீவு தரேல்லை."

"இண்டைக்குமோ?"

"ஓம்" என்றுவிட்டு மாமா போய்விட்டார்.

பிணத்தைப் பார்த்தால் பயப்படுவேன் என்று என்னைப் பக்கத்து வீட்டுச் சுவிஸ் தோழியோடு அனுப்பினார்கள். அவளுடைய பெற்றோர் எங்களை அடுத்த கிராமத்துக் கொண்டாட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். கொட்டகைக்குள் நீள வாங்குகள், காலையிலேயே பியர், மேடையில் கவ்பாய் தொப்பி போட்ட ஆறு பேர். நான் சுட்ட சொசேஜ் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தேன். செத்தவீட்டுக்காரி மச்ச மாமிசம் தின்னக்கூடாது என்பது அடியோடு மறந்துபோயிற்று.

பாட்டு முடிந்து ஆறு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஓரத்தில் இருந்தவருக்கு மொட்டைத் தலை.

கையிலிருந்த சொசேஜ் கீழே விழுந்தது. அங்கே அம்மப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இங்கே மகன் பியர்க்காரருக்குத் தொப்பி கழற்றுகிறார். அப்படிப்பட்ட அநியாயத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. மாமாவும் என்னைக் கண்டுவிட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். அது இன்னும் வேகமான பாட்டு. சனம் எழும்பி ஆடியது.

வீட்டுக்கு வந்ததும் சொசேஜை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்புவித்தேன். அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பின்னேரம் மாமா வந்தபோது கதவைப் பாதிதான் திறந்தார்.

"அப்பாவைக் கொளுத்துற நேரத்தில கூத்தடிச்சனியோ?"

"என்னால அதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது அக்கா."

அம்மா கதவைச் சாத்தினார். ஏழு வருசம் தம்பியோடு கதைக்கவில்லை. மாமா ரெனான் என்ற ஊருக்குப் போய் வேறொரு குழுவில் சேர்ந்தார். இன்றைக்கும் வாசிக்கிறார், அந்த வட்டாரத்தில் நல்ல பேர். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை.

அந்த வேகமான பாட்டை வாசித்தபோது மாமாவின் முகம் கண்ணிலிருந்து நாடி வரை நனைந்திருந்தது. இரண்டு கையும் கிற்றாரில் இருந்ததால் அவர் துடைக்கவில்லை. கிட்ட நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். அதையும் அம்மாவிடம் சொல்லாமல் விடவில்லை.

"மாமாவுக்குச் சரியான சந்தோசம் அம்மா" என்று சொன்னேன். "வாசிச்சு வாசிச்சு முகமெல்லாம் வேர்த்து ஊத்தினது."