கொல்லைக் கொட்டகையில் என் மேசை

கொத்தனார் கொட்டகைச் சுவரைச் சுரண்டியதும் பழைய சுண்ணாம்போடு தவிட்டு வாடையும் கிளம்பியது. மாதாமாதம் வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் மாட்டுத் தவிட்டு மூட்டைகளோடு என்னை உட்காரவைத்த இடத்தின் வாடை. அரியாங்குப்பம் சாலையின் பஸ் ஹாரனும், கூடத்தில் அண்ணன் சிரிக்கும் சிரிப்பும், ஓட்டு இடுக்கு வழியே தரையில் நகரும் வெயிலும்தான் அங்கே எனக்குத் துணை. அம்மா படிக்கு வெளியே நின்றபடி சோற்றுத் தட்டைக் கீழே வைத்து விரலால் உள்ளே தள்ளுவாள், தட்டு தரையில் உரசும் அந்தச் சத்தத்திலேயே எனக்குப் பசி செத்துவிடும்.

"இத்த இடிச்சிட்டு மாடியில ஒக்காந்து ஆபீஸ் வேல பாரேன்" என்றாள் அம்மா.

கொட்டகை என்ன பாவம் செய்தது? அன்று என் பாய் கிடந்த அதே மூலையில் மேசையைப் போட்டேன், வைஃபை இழுத்தேன், லேப்டாப்பைத் திறந்தேன்.

முதல் நாளே காப்பி கொண்டுவந்த அம்மா, கைப்பழக்கத்தில், தம்ளரைப் படியோரம் வைத்து உள்ளே தள்ளினாள். அதே சத்தம்.

"இன்னிக்கும் எனக்கு ரெண்டாம் நாள்தாம்மா. உள்ள வந்து கையில குடு."

அம்மா ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு படியைத் தாண்டினாள்.