கப்டனுக்குச் சொன்ன பத்து நிமிடம்

ஒஸ்லோவின் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் அப்போது ஒரு கோப்பிக்கடை இருந்தது. அதன் மூலை மேசையில் இருந்து, கை துடைக்கத் தந்த கடதாசியில் நான் மூன்று பெயர்களை எழுதினேன். நவம்பர் மாதம். மாலை நாலு மணிதான், ஆனால் வெளியே நன்றாக இருட்டியிருந்தது. கப்டன் எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்குவதற்காக வரிசையில் நின்றார். இரண்டு கையிலும் இரண்டு கோப்பையை ஏந்தி, சிந்தாமல் அடி எடுத்து வைத்து அவர் வருவதைக் கண்டதும் அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். "என்ன மச்சான், காதல் கடிதமோ?" என்று கேட்டார். சிரித்தேன். அந்த மூன்றாவது பெயர் அவருடைய இடத்துக்கு வரப்போகிறவனுடையது என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து யோசித்துப் பார்த்தால், அந்தக் குளிர்காலம் முழுக்க நான் செய்த வேலை அதுதான், சொல்லாமல் இருந்தது.

அவரைக் கப்டன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் அவருடைய மனைவியே "கப்டன் இன்னும் வேலையாலை வரேல்லை" என்பார், பாதி பகிடியாக. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து யாழ்ப்பாணத்துப் பெடியங்கள் சேர்ந்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்றைத் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் கப்டன், நான்தான் செயலாளர். யாரை இறக்குவது, யாரை மாற்றுவது என்பதும் என் பொறுப்பு. பெரிய ஆட்டக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஓட்டம் மெதுவு. இடது கால் சும்மா துணைக்கு இருந்த கால். ஆனால் பின்வரிசையின் நடுவில் நின்றுகொண்டு தொண்ணூறு நிமிடமும் கதைத்துக்கொண்டே இருப்பார். "விடாதை, விடாதை, திருப்பி அடி, நான் நிக்கிறன்" என்று அவர் கத்துவது மைதானத்துக்கு வெளியே பேருந்துத் தரிப்பிடம் வரை கேட்கும். அந்தக் குரல் பின்னால் இருக்கிற தைரியத்தில்தான் மற்றப் பத்துப் பேரும் முன்னுக்கு ஓடினார்கள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. மூன்று மணிக்கு வேலை முடிந்தால் மிச்ச நேரம் கழகத்துக்கு. கோல் வலை, பந்துகள், ஜேர்சிப் பைகள் எல்லாம் அவருடைய அடுக்குமாடியின் நிலவறைக்குள்தான் கிடந்தன. பனிக்காலத்தில் பயிற்சிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தின் திறப்பைப் பராமரிப்பாளரிடம் கேட்டு வாங்குவதும் அவர்தான். அந்த நோர்வேக்காரர் கப்டனின் மனைவி சுட்ட ரோல்ஸுக்கு அடிமையாகியிருந்தார்.

வெளியாட்களை வாங்குகிற நோய் எனக்கு வேறு இடத்திலிருந்து தொற்றியது. என் தம்பி ரொறொன்ரோவில் இருக்கிறான். ஊரில் கிரிக்கெட் மட்டையைக்கூடத் தொட்டுப் பார்க்காதவன், அங்கே போய் மூன்று வருடத்தில் பேஸ்போல் பைத்தியமாகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி அவனுக்கு அழைத்தால், அம்மாவின் சுகம் விசாரித்த கையோடு பேஸ்போலுக்குத் தாவிவிடுவான். அதுவும் பனிக்காலத்தில்தான் அதிகம். ஒரு பந்துகூட எறியாத அந்த மாதங்களில் எந்த அணி யாரை வாங்கியது, எத்தனை வருட ஒப்பந்தம், எத்தனை மில்லியன், தன்னுடைய அணிக்காரர்கள் ஏன் இப்படி மூளையில்லாமல் செலவழிக்கிறார்கள் என்று அட்டை முடியும் வரை விளாசுவான். "ஆட்டம் இல்லாத மாசங்களிலைதான் அண்ணை உண்மையான ஆட்டம்" என்பான். பேஸ்போலில் எதற்காக வட்டமாக ஓடுகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் ஆளை வாங்குகிற கதை மட்டும் நன்றாக விளங்கியது. தபால் பிரிக்கும் நிலையத்தில் கடிதக் கட்டுகளைத் தள்ளிக்கொண்டு நிற்கிற எனக்கு, தொலைபேசியை எடுத்து ஓர் ஆட்டக்காரனைக் கொண்டுவந்து இறக்குவது என்பது பெரிய அதிகாரமாகத் தெரிந்தது.

ஒருநாள் அவன் சரியான கோபத்தில் இருந்தான். அவனுடைய அணி பெரிய காசு கொடுத்து வாங்கிய ஒருவர் பந்தையே காண்கிறார் இல்லையாம், ஆனாலும் நாள் தவறாமல் அவரைத்தான் இறக்குகிறார்களாம். "அடிக்கிறான் இல்லையெண்டா வெளியிலை இருத்த வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "அப்பிடி ஏலாது அண்ணை. அவ்வளவு காசைக் குடுத்திட்டு வெளியிலை இருத்தினால் வாங்கினவன் முட்டாள் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சு போடும்" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த வருடக் கோடையில் ஐரோப்பாவிலுள்ள தமிழ்க் கழகங்களுக்கிடையில் நடந்த சுற்றுப்போட்டியில் அரையிறுதியோடு வெளியே வந்திருந்தோம். கப்டனுக்கு முப்பத்தெட்டு வயது. இருபது வயதுப் பெடியன் ஒருவன் அவரைக் கடந்து போய் அடித்த கோலால்தான் தோற்றோம். அடுத்த சுற்றுப்போட்டி ஒஸ்லோவிலேயே நடக்க இருந்தது. சொந்த இடத்தில், சொந்தச் சனத்துக்கு முன்னால் தோற்கக்கூடாது என்ற வெறி எனக்குள் ஏறிவிட்டது. பாரிஸிலிருந்து ஒரு முன்வரிசைக்காரன், டென்மார்க்கிலிருந்து ஒரு கோல் காப்பாளர், பின்வரிசைக்குப் பாரிஸிலிருந்தே இன்னொருவன். விமானச் சீட்டும் கைச்செலவும் நாங்கள் கொடுப்பது என்று பேச்சு. அங்கத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் காசு கேட்டேன். கப்டனும் தந்தார். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. "நல்ல பெடியங்களாப் பாத்து எடு" என்றுமட்டும் சொன்னார்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பனி கரைகிற நாட்களில் செயலாளர் பெயர்களையும் இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, கப்டன் தன் வீட்டில் வைத்துப் புது ஜேர்சிகளில் இலக்கங்களை ஸ்திரிக்கைப்பெட்டியால் ஒட்டிக்கொண்டு வருவார். அந்த வருடமும் வழக்கம்போலத் தாளை எழுதி, அவருடைய கதவில் இருந்த தபால் துவாரத்துக்குள் போட்டுவிட்டு வந்தேன். ஐந்தாம் இலக்கத்துக்கு நேரே அந்தப் பின்வரிசைப் பாரிஸ்காரனுடைய பெயர். கப்டனுடைய பெயருக்கு நேரே பதினைந்து. பதினொரு வருடம் அவர் போட்ட இலக்கம் ஐந்து. முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாத ஒரு விஷயத்தை அந்த மனிதனின் கையாலேயே சூடு வைத்து ஒட்ட வைத்தேன் என்பது, தாள் உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்ப மணி அடித்திருக்கலாம். மின்தூக்கி வந்தது, ஏறிவிட்டேன்.

நாலு நாள் கழித்துப் பையோடு வந்தார். ஒவ்வொரு ஜேர்சியாக எடுத்து விரித்துக் காட்டினார். ஐந்தாம் இலக்கம் மற்ற எல்லாவற்றையும்விட நேராக, ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒட்டியிருந்தது. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் வயதைச் சொல்லியிருப்பேன், அரையிறுதியைச் சொல்லியிருப்பேன். அவரோ பையை மடித்துக்கொண்டே, "ஒண்டு மட்டும் கேக்கிறன் மச்சான். கடைசி ஆட்டத்துக்குப் போனமெண்டால் என்னை ஒரு பத்து நிமிஷம் இறக்கிவிடு. பிள்ளைக்கு இப்பதான் விளங்கிற வயது வந்திருக்கு. அப்பா விளையாடுறதை ஒருக்கால் பாக்கட்டும்" என்றார். அவருக்கு ஒரே மகள். அப்போது ஒன்பது வயது. "உதையும் கேக்க வேணுமே? கட்டாயம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வெளியிலிருந்து வருகிற ஆட்டக்காரர்களை விடுதியில் தங்கவைப்பது எங்களிடையே மரியாதைக் குறைவு. வீடுகளில்தான் தங்கவைப்போம். யார் யார் எங்கே என்று பிரித்தபோது, மேலதிகமாக ஓர் அறை இருந்தது கப்டன் வீட்டில் மட்டும்தான். ஐந்தாம் இலக்கக்காரன் அங்கே போனான். நல்ல பெடியன், பொய் சொல்லக்கூடாது. இருபத்துமூன்று வயது, நெடுவல், வாய் திறந்தால் அண்ணை அண்ணை என்பான். கப்டனின் மனைவி அவனுக்குக் காலையில் புட்டும் முட்டைப் பொரியலும், இரவில் கணவாய்க் கறியும் கொடுத்து மாப்பிள்ளை போல வைத்திருந்தார். கப்டன் அவனைக் கூட்டிக்கொண்டு போய் மைதானத்தைக் காட்டி, எந்தப் பக்கம் பந்து துள்ளும், மாலை வெயில் எந்தப் பக்கம் கண்ணில் குத்தும் என்று சொல்லிக் கொடுத்ததை நான் தூரத்தில் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டு, ஆள் சமாதானமாகிவிட்டார் என்று என் வசதிக்கு நினைத்துக்கொண்டேன்.

இறுதியாட்டம் வந்தது. யூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கூடாரங்களில் கொத்துரொட்டிச் சத்தம், ஒலிபெருக்கியில் தமிழில் நேர்முக வர்ணனை, கயிற்றுக்குப் பின்னால் குடும்பம் குடும்பமாகச் சனம். இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது கப்டன் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்கு வெளியே ஓடத் தொடங்கினார். என்னை அவர் பார்க்கவில்லை. சொன்ன சொல்லில் அவ்வளவு நம்பிக்கை. அவருடைய மகள் கழுத்தில் கமராவை மாட்டிக்கொண்டு என்னருகே வந்து, "மாமா, அப்பா எப்ப உள்ளுக்குப் போவார்?" என்று கேட்டாள். "இப்ப போவார், இப்ப" என்றேன்.

ஐந்தாம் இலக்கக்காரனைக் கோட்டுப் பக்கம் கூப்பிட்டேன். மாற்றப்போகிறேன் என்று சைகை காட்டினேன். "அண்ணை, நான் களைக்கேல்லை. முழுக்க நிக்கிறன். அங்கை பாரிஸிலை காட்ட வீடியோ எடுக்கினம்" என்றான். கெஞ்சலாகத்தான் சொன்னான். நான் திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்குப் பின்னால் காசு தந்த அங்கத்தவர்கள் நின்றார்கள். அவ்வளவு செலவழித்துக் கூப்பிட்டவனை, விருந்தாளியாக வந்தவனை, நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போது வெளியே எடுத்தால் என்ன கதைப்பார்கள்? ஒரு கோல் வாங்கினால் யாரைப் பிடிப்பார்கள்? என்னைத்தான். செயலாளருக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்பார்கள். அவனைப் போ என்று கையைக் காட்டிவிட்டேன். கப்டன் கோட்டுக்கு வெளியே மூலைக்கொடி வரை போவார், திரும்பி வருவார். மறுபடி போவார். விசில் ஊதும் வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தார். ஊதியதும் முதல் ஆளாக உள்ளே பாய்ந்து அந்தப் பாரிஸ் பெடியனைத் தூக்கிச் சுற்றினார். பிறகு மேற்சட்டையைத் தேடி எடுத்துக் கழுத்துவரைக்கும் இழுத்துப் பூட்டிக்கொண்டு மகளிடம் போனார். பிள்ளையிடம் குனிந்து என்னவோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை.

கிண்ணத்தை எடுத்தோம். அதுதான் இந்தக் கதையின் கொடுமை. தோற்றிருந்தால் ஆளுக்கொரு காரணம் சொல்லி, சண்டை பிடித்து, திரும்பச் சேர்ந்திருப்போம். வென்றதால் நான் செய்தது சரி என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை கப்டன்தான் பாரிஸ்காரர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். செப்டெம்பரில் வலைகளையும் பந்துகளையும் என் வீட்டு வாசலில் இறக்கினார். திராமன் நகரத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, வீடும் அங்கேயே பார்த்துவிட்டோம் என்றார். என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. நானும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த பனிக்காலம் நான் ஐந்து பேரைக் கூப்பிட்டேன், அதற்கடுத்தது ஏழு பேர். உள்ளூர்ப் பெடியங்கள் பயிற்சிக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். கோடை வந்தால் எப்படியும் வெளியில்தான் இருத்தப்போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருடம் காசு சேரவில்லை. காசு சேராத அன்று எண்ணிப் பார்த்தால், சொந்தமாகப் பதினொரு பேர் எங்களிடம் இல்லை. கழகம் அதோடு சரி. தம்பிக்குச் சொன்னேன். அவன் தன் அணியைத் திட்டுகிறது போல என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். "விடுங்கோ அண்ணை" என்றான். அது இன்னும் நொந்தது.

சென்ற இலையுதிர் காலத்தில் என் முழங்கால் மடங்க மறுத்தது. வைத்தியர் ஹவுகெட்டோவில் உள்ள ஓர் உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையத்துக்கு எழுதித் தந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். "மாமா! நீங்கள் அப்பான்ர கிளப் மாமா எல்லோ?" கப்டனுடைய மகள். முப்பது வயதை எட்டிப் பிடிக்கிற பெண், நோர்வேஜிய உச்சரிப்பு ஒட்டிக்கொண்ட தமிழ். அப்பா சுகமாக இருக்கிறார், நேரத்துக்கு முன்பே ஓய்வு எடுத்துவிட்டார், திராமனில் ஆற்றங்கரையில் நடக்கிறார் என்றாள். என்னைக் கட்டிலில் படுக்கவைத்து முழங்காலை மெதுவாக மடித்து நீட்டிக்கொண்டே கதைத்தாள்.

"நான் ஏன் இந்த வேலைக்கு வந்தனான் எண்டு தெரியுமே மாமா? சின்னனிலை ஒரு பைனலுக்கு வந்தனான். அப்பா இறங்கிறதுக்கு ரெடியா நிண்டவர். கடைசி நேரத்திலை அவருக்குத் தொடை பிடிச்சிட்டுது. நீங்கள் எவ்வளவோ கேட்டனீங்களாம், தன்னாலைதான் ஏலாமல் போச்சு எண்டு சொன்னவர். எனக்குச் சரியான கவலை. அண்டைக்கே நினைச்சனான், இந்த நோவை ஆராவது சுகப்படுத்த வேணுமெண்டு."

அவளுடைய கை என் முழங்காலில் நின்றது. "நீங்கள் கேட்டனீங்கள்தானே, மாமா?"

அவள் சந்தேகத்தில் கேட்கவில்லை. அந்த நாளை என்னோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க ஆசைப்பட்டுக் கேட்டாள். திராமனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இருபது வருடமாக நான் போகவில்லை. அங்கே ஒரு வீட்டுக்குள் அந்த மனிதர் என்னை நல்லவனாக வைத்து வளர்த்திருக்கிறார்.

"ஓம் பிள்ளை" என்றேன். "எவ்வளவோ கேட்டனான்."