பக்கத்து வீட்டு வெந்நீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அரியலூரில் குடியிருந்தோம். என் தங்கை பிரசவத்துக்கு வருவதற்குள் குளியலறையைப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று பழையதை இடிக்கச் சொன்னேன். இடித்த மறுநாளே கொத்தனார் காணாமல் போனார். ஆள் அனுப்பினால், "நாளைக்கு வந்துடறேன்" என்றே பதில் வரும். கீழப்பழுவூரில் வேறு வேலை பிடித்திருந்தாராம்.

அதற்குள் தங்கைக்குக் குழந்தை பிறந்துவிட்டது. பச்சை உடம்புக்காரி குளிக்க மறைவான இடமில்லை. கொல்லையில் பழைய புடவையைக் கட்டி மறைப்புப் போட்டேன். காற்று அதைப் பிடுங்கி எறிந்தது. திரும்பக் கட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்தப் புள்ளய இங்க அனுப்புங்க. வெந்நீர் போட்டிருக்கேன்."

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மரகதம் நின்றிருந்தார். சாக்கடைத் தண்ணீர்த் தகராறில் இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அன்று வாய்க்கு வந்தபடி கத்தியவள் நான்தான். கையில் புடவையோடு அவரையே பார்த்தேன்.

"என்ன பாத்துகிட்டு நிக்கிறீங்க? தண்ணி ஆறிடப் போவுது, வாங்க."

அன்றிலிருந்து எங்களுக்குக் குளியல் அங்கேதான். மரகதமே தங்கைக்கு முதுகில் வெந்நீர் ஊற்றுவார், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். நான் காபி போட்டு எடுத்துப்போவேன். பேச உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது.

இரண்டு மாதம் கழித்துக் கொத்தனார் தலையைச் சொறிந்தபடி வந்து நின்றார். திட்டத்தான் நினைத்தேன். "அவசரமில்ல, மெதுவாவே கட்டுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மரகதத்திடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாம் சரியாகிவிட்டதே என்று இருந்துவிட்டேன். அவர் இல்லாத இந்த நாளில்தான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.